எலும்புருக்கி முதல் இனிப்புநீர் வரை



தேயிலைத் தோட்டத்தில் நிறுவைக்குத் தனி மரியாதை உண்டு. கொழுந்து நிறுக்கும் நேரத்தில் எல்லோருடைய கண்களும் தராசின் மேல்தான் இருக்கும். அரைக் கிலோ குறைந்துவிட்டால் உடனே கேள்வி எழும். ஈரத்துக்குக் கழித்தார்களா, மூட்டைக்குக் கழித்தார்களா என்று வாதம் நடக்கும். அது நியாயமான வாதம்தான். உழைப்பின் கூலி அல்லவா! ஆனால் அந்தக் கொழுந்தைச் சுமந்து வந்த உடம்பு ஆறு மாதத்தில் ஐந்து கிலோ குறைந்து போயிருந்தால் அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. சம்பந்தப்பட்டவரே கேட்பதில்லை. ரவிக்கை தொளதொளவென்று ஆகும், இடுப்பு வாரில் புதிய துளை போடுவார்கள், அவ்வளவுதான்.

முயன்று இளைப்பது ஒன்று. தானாக இளைப்பது வேறொன்று. இந்த இரண்டாவது இளைப்புக்கு நம் தோட்ட மக்களிடையே நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றைத்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் பெயர்களைப் பார்ப்போம். உடம்பு தேய்ந்து போவதை நம் முன்னோர் நன்றாகவே கவனித்திருக்கிறார்கள். எலும்புருக்கி என்றார்கள். சயம் என்றார்கள், அந்தச் சொல்லுக்கே தேய்வு என்றுதான் பொருள். குழந்தை மெலிந்து கையும் காலும் குச்சியாகி வயிறு மட்டும் முன்தள்ளினால் தேரை விழுந்துவிட்டது என்றார்கள். தாய் மறுபடியும் கருவுற்றதால் பால் மறக்கடிக்கப்பட்டு வாடும் பிள்ளையைச் சவலைப் பிள்ளை என்றார்கள். பெயர் வைத்ததில் குறையில்லை. காரணம் சொல்வதில்தான் தடுமாறினார்கள். கண்ணேறு, செய்வினை, போன பிறவிக் கருமம் என்று காரணங்கள் வளர்ந்தன. இதில் நம்மவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஐரோப்பியரும் 1882 வரை காசநோய் எதனால் வருகிறது என்று அறியாமல்தான் இருந்தார்கள்.

மலாயாவுக்கு வருவோம். இங்கே உடல் தேய்வின் கதை அரிசியிலிருந்து தொடங்குகிறது என்றால் வியப்பாக இருக்கும்.

1900-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் பெரிபெரி என்ற நோய் இந்நாட்டில் ஆயிரக்கணக்கானோரை வாட்டியது. முதலில் பாதம் மரத்துப்போகும். பிறகு கெண்டைச் சதை நோகும், நடை தள்ளாடும். சிலருக்கு உடம்பில் நீர் கோத்து வீங்கி, மூச்சு முட்டி, இருதயம் நின்றுவிடும். வேறு சிலருக்கு வீக்கமே இராது. காலும் கையும் சதை வற்றி, ஆள் எலும்புக் கூடாகிப் படுத்துவிடுவார். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களை இந்நோய் கொத்துக் கொத்தாக அள்ளிக்கொண்டு போயிற்று. ஆனால் அதே வட்டாரத்தில், அதே மழையில், அவர்களைவிடச் சிறந்தது என்று சொல்ல முடியாத கொட்டகைகளில் வாழ்ந்த தமிழர்களை அது அவ்வளவாகத் தீண்டவில்லை. இது ஏன்?

நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த பிராடன் என்பவர் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார். சமையலறைகளை எட்டிப் பார்த்தார். சீனர்கள் நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசியை உண்டார்கள். தமிழர்கள் புழுங்கல் அரிசியை உண்டார்கள். நோய் அரிசியில்தான் இருக்கிறது என்று அவர் 1907-இல் ஒரு பெரிய நூலே எழுதினார். பழைய வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு சேர்கிறது என்பது அவர் எண்ணம். அந்த எண்ணம் தவறு. ஆனால் அரிசியைக் காட்டிய விரல் சரியான திசையைத்தான் காட்டியது.

அதே நேரத்தில், 1905-ஆம் ஆண்டின் கடைசியில், கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர் ஒரு சோதனை தொடங்கினார். நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார். 120 பேருக்கு வெள்ளை அரிசிச் சோறு. 123 பேருக்குப் புழுங்கல் அரிசிச் சோறு. மற்றவை எல்லாம் ஒன்றுதான். ஓராண்டு சென்றது. வெள்ளை அரிசி உண்டவர்களில் பலருக்குப் பெரிபெரி கண்டது. 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் அரிசி உண்டவர்களில் பெரிபெரியால் ஒருவர்கூட இறக்கவில்லை. அந்தப் பதினெட்டு பேரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இன்றைய நாளில் அப்படி ஒரு சோதனையை யாரும் அனுமதிக்க மாட்டார்கள். நாம் இன்று அறிந்திருக்கும் பாடத்துக்கு விலை கொடுத்தவர்கள் அவர்கள்.

கோலாலம்பூரில் 1900-இல் தொடங்கப்பட்டு இன்றும் இயங்கி வரும் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டான்டன் என்ற இருவர் 1909 அளவில் இதை இன்னும் தெளிவாக்கினார்கள். ஜெலுபுப் பக்கம் சாலை போட்டுக்கொண்டிருந்த ஜாவானியத் தொழிலாளர்களுக்கு அரிசியை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். வெள்ளை அரிசி எங்கே போனதோ அங்கே நோயும் போயிற்று. குற்றம் அரிசியில் சேர்ந்த நஞ்சில் இல்லை, அரிசியிலிருந்து தீட்டி எறியப்பட்ட தவிட்டில் இருக்கும் ஏதோ ஒரு சத்து இல்லாமற் போனதில்தான் இருக்கிறது என்பது விளங்கிற்று. அந்தச் சத்தை 1926-இல் ஜாவாவில் பிரித்தெடுத்தார்கள். அதுதான் வைட்டமின் பி1.

புழுங்கல் எப்படிக் காப்பாற்றியது? நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் சத்து நீரோடு கரைந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. அதன்பின் தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. தஞ்சாவூரிலும் திருச்சிராப்பள்ளியிலும் நெல் அவித்த பெண்களுக்கு வைட்டமின் என்ற சொல்லே தெரியாது. ஆனால் கடல் கடந்து வந்த அவர்கள் பிள்ளைகளை அந்தப் பானை காப்பாற்றியது. இந்தச் செய்தியை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கும். இன்று நம் வீடுகளிலும் வெள்ளை அரிசிதான் அதிகம். ஆயினும் பருப்பு, முட்டை, மீன், கீரை என்று கூட இருப்பதால் பெரிபெரி பெரும்பாலும் வருவதில்லை. ஒரு கூட்டத்தாரை மட்டும் அது இன்னும் விடவில்லை. சோற்றைத் தள்ளிவிட்டுச் சம்சுவில் வயிற்றை நிரப்புகிறவர்கள் அவர்கள். குடி பசியைக் கொல்லும். உடம்பில் இருக்கும் பி1 சத்தையும் கெடுக்கும். கால் மரத்து, தொடை வற்றி, தள்ளாடி நடக்கிற மனிதரை, போதையில் தள்ளாடுகிறார் என்றுதான் நாம் நினைக்கிறோம். போதை தெளிந்த பிறகும் தள்ளாடுகிறாரா என்று பார்ப்பதில்லை.

புழுங்கல் அரிசி எல்லாவற்றிலிருந்தும் நம்மைக் காக்கவில்லை. கொக்கிப்புழு இருந்தது. லயங்களில் ஒழுங்கான கழிப்பிடம் இல்லாத காலம். காலில் செருப்பு இல்லாத காலம். அந்தப் புழுவின் குஞ்சு, ஈர மண்ணிலிருந்து பாதத்தின் தோலைத் துளைத்தே உடம்புக்குள் ஏறும் என்பதை எகிப்தில் வேலை செய்த லூஸ் என்ற ஜெர்மானிய அறிஞர்தான் 1898-இல் உலகத்துக்குச் சொன்னார். குடலில் ஒட்டிக்கொண்டு அது நாள்தோறும் இரத்தம் குடிக்கும். ஆள் வெளிறி, மூச்சு வாங்கி, சோம்பேறி என்று கங்காணியிடம் பெயர் வாங்குவார். அமெரிக்காவின் ராக்பெல்லர் அறநிறுவனம் 1915-இல் டார்லிங் என்ற மருத்துவரின் தலைமையில் ஒரு குழுவை அனுப்பி, மலாயா, ஜாவா, பிஜித் தீவுகள் ஆகியவற்றின் தொழிலாளர்களை ஆராய்ந்தது. அந்நாளில் கொடுத்த புழு மருந்துகள் நோயைவிடக் கொடியவை. இன்று ஒரே ஒரு அல்பென்டசோல் மாத்திரையில் வேலை முடிந்துவிடுகிறது.

மலேரியாவும் அப்படித்தான். காடு வெட்டிய மலைச்சரிவில் வெயில்படும் தெளிந்த ஓடைகளில் பெருகிய கொசு, ரப்பர்த் தோட்டங்களைச் சுடுகாடாக்கியது. கிள்ளானில் 1901 முதல் பணியாற்றிய மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் சதுப்புகளை வடித்தும் ஓடைகளை மண்ணுக்கடியில் குழாய் வைத்து ஓட்டியும் அதை அடக்கினார். நமது கேமரன் மலையின் உயரமும் குளிரும் அந்தக் கொசுவுக்கு ஒத்துவரவில்லை. தாப்பாவிலிருந்து சாலை 1931-இல் மேலே வந்து சேர்ந்தபோது, வெள்ளைக்காரர்கள் இந்த மலையைக் காற்று மாறி உடம்பு தேற வரும் இடமாகத்தான் கருதினார்கள். கூலிக்கு வந்தவர்கள் உடம்பு தேற வரவில்லை.

போர்க்காலத்தைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1942-இல் ஜப்பானியர் ஆட்சி வந்த பிறகு பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்த அரிசி அருகியது. மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. வயிறு நிறையும், சதை பிடிக்காது, ஏனென்றால் கிழங்கில் மாவுச்சத்தைத் தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லை. தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம் பர்மா ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டார்கள். 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. பசி, பேதி, வாந்திபேதி, மலேரியா, காலில் அழுகும் புண் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தால் மனித உடல் எவ்வளவு தேயும் என்பதை அங்கிருந்து திரும்பியவர்கள் தங்கள் உடம்பிலேயே காட்டினார்கள். அதைப் பற்றித் தனியாகவே ஒரு பேச்சு வேண்டும். இங்கே இத்துடன் விடுகிறேன்.

முன்பு சவலைப் பிள்ளை என்று ஒரு சொல் சொன்னேன். அதற்கு ஓர் அழகான, துயரமான உறவுச் சொல் ஆப்பிரிக்காவில் இருக்கிறது.

சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர், இன்று கானா என்று வழங்கும் நாட்டில் 1930-களில் பணியாற்றினார். ஒன்று முதல் நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் கால் வீங்கி, முடி செம்பட்டையாகி, தோல் உரிந்து மடிவதைக் கண்டார். இது என்ன நோய் என்று அங்குள்ள தாய்மாரைக் கேட்டார். குவாஷியோர்கர் என்றார்கள். அடுத்த குழந்தை பிறக்கும்போது மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அச்சொல்லின் பொருள். தாய்ப்பால் நின்று, வெறும் மாவுக் கஞ்சி மட்டும் கிடைத்த பிள்ளைக்குப் புரதம் போன்ற சத்துகள் கிடைக்கவில்லை என்று அவர் 1933-இல் எழுதினார். நம் பாட்டிமார் சவலை என்று சொன்னதும் அவர்கள் குவாஷியோர்கர் என்று சொன்னதும் ஒரே காட்சியைத்தான். இரண்டு கண்டத்துப் பெண்கள் ஒரே இடத்தில் நின்று ஒரே காரணத்தைக் கண்டிருக்கிறார்கள்.

இந்த அம்மையார் 1936-இல் மலாயாவுக்கே வந்தார். இங்கே வேறொரு கொடுமையைக் கண்டார். பால் கம்பெனிகள் செவிலியர்போல் உடை உடுத்திய பெண்களை அனுப்பி, தாய்ப்பாலைவிட டின் பால் சிறந்தது என்று சொல்லி விற்றன. சர்க்கரை நிறைந்த அந்தக் கெட்டிப் பாலை ஏழைத் தாய்மார் காசு போதாமல் தண்ணீர் கலந்து நீர்த்துக் கொடுத்தார்கள். பிள்ளைகள் பேதி கண்டு தேய்ந்து இறந்தன. 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரிச் சங்கத்தில், கம்பெனிக்காரர்களுக்கு வேண்டியவர்களும் அமர்ந்திருந்த சபையில், பாலும் கொலையும் என்ற தலைப்பிட்டு இந்த அம்மையார் பேசினார். பின்னர் ஜப்பானியர் சிறையில் அகப்பட்டு, அங்கே அவருக்கே பெரிபெரி கண்டது. பிழைத்து எழுந்து மறுபடியும் குழந்தைகளுக்காகவே உழைத்தார். நம் வீடுகளில் இன்றும் தேத்தண்ணீருக்கு ஊற்றும் டின் பாலைக் கைக்குழந்தைக்குக் கரைத்துக் கொடுக்கும் வழக்கம் முற்றிலும் ஒழியவில்லை. தேத்தண்ணீருக்கு அது நல்லது. பிள்ளைக்கு ஆகாது.

இனி எலும்புருக்கிக்கு வருவோம்.

காசநோய்க்குக் காரணம் ஒரு கிருமி என்று 1882 மார்ச் 24-ஆம் நாள் பெர்லினில் ராபர்ட் காக் அறிவித்தார். கிருமி தெரிந்தும் அறுபது ஆண்டுக்கு மேல் அதைக் கொல்லும் மருந்து கிடைக்கவில்லை. ஆகவே மருத்துவர்கள் காற்றையும் ஓய்வையும் உணவையும் நம்பினார்கள். மலைமேல் சானடோரியம் கட்டினார்கள். முட்டையும் பாலும் கொடுத்துப் படுக்க வைத்தார்கள். இந்த முறையில் பெயர் பெற்றவர்களில் ஒருவர் தமிழர். டாக்டர் சவுரி முத்து இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் ஒரு சானடோரியம் நடத்தினார். பின்னர் தாய்நாடு திரும்பி 1928-இல் சென்னைக்கு அருகே தாம்பரத்தில் ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். அதை 1937-இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. சென்னை மின்சார ரயிலில் போகிறவர்கள் தாம்பரம் சானடோரியம் என்ற நிலையத்தின் பெயரை இன்றும் காணலாம்.

மெண்டிப் குன்றுகளில் அவரிடம் வந்த நோயாளிகளில் ஒருவர் கணித மேதை ராமானுஜன். 1914-இல் கேம்பிரிட்ஜ் சென்றவர் 1917-இல் நோயுற்றார். காய்ச்சல், வலி, மெலிவு. போர்க்காலம், சைவ உணவுக்காரர், குளிர் தேசம். காசநோய் என்று வைத்துக்கொண்டு பல இடங்களில் மருத்துவம் செய்தார்கள். 1919-இல் எலும்பும் தோலுமாக ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ஆம் நாள் சென்னை சேத்துப்பட்டில் 32 வயதில் மறைந்தார். பிற்காலத்தில், 1994-இல், டி. ஏ. பி. யங் என்பவர் பழைய குறிப்புகளை எல்லாம் திரட்டிப் பார்த்து, அது காசநோயாக இராது, ராமானுஜன் முன்பு இந்தியாவில் பட்ட சீதபேதியின் அமீபா கல்லீரலில் தங்கி வளர்த்த நோயாக இருக்கலாம் என்று எழுதினார். அப்படியானால் அது அக்காலத்திலேயே மருந்துக்குக் கட்டுப்படக்கூடிய நோய். முடிந்த முடிபு என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் உலகம் போற்றிய ஒருவருக்கே, மெலிவைப் பார்த்தவுடன் ஒரு பெயரைச் சூட்டிவிட்டு மற்றதைத் தேடாமல் விட்டிருக்கக்கூடும் என்றால், நம்மைப் போன்றவர்கள் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்!

அதே சேத்துப்பட்டில் 1956-இல் காசநோய் மருந்தாராய்ச்சி நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. இதற்குள் ஸ்ட்ரெப்டோமைசின், ஐசோனியசிட் முதலிய மருந்துகள் வந்துவிட்டன. ஒரு பெரிய கேள்வி எஞ்சி நின்றது. சானடோரியத்தில் இருப்பதோ சில ஆயிரம் படுக்கைகள், நோயாளிகளோ இலட்சக்கணக்கில். வீட்டில் வைத்தே மருந்து கொடுத்தால் குணமாகுமா? சென்னையின் ஏழைக் குடியிருப்புகளில் நோயாளிகளைத் தேர்ந்து, ஒரு பாதியைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். மறுபாதியை அவரவர் வீட்டிலேயே விட்டார்கள். ஓராண்டு இரு சாராருக்கும் ஒரே மாத்திரைகள். சானடோரியத்தில் நல்ல உணவு, காற்றோட்டம், ஓய்வு. வீட்டிலோ கூழும் கஞ்சியும், ஒரே அறையில் ஏழெட்டுப் பேர், உடம்பு கொஞ்சம் தேறியதும் வேலை.

1959-இல் முடிவு வெளியாயிற்று. சானடோரியத்தில் இருந்தவர்கள் எடை அதிகம் கூடினார்கள். வீட்டில் இருந்தவர்கள் குறைவாகவே கூடினார்கள். ஆனால் நோய் குணமானதில் இரு சாராருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. மருந்து தொடங்கிய பிறகு வீட்டில் நோயாளியோடு இருந்தவர்களுக்கும் அதனால் தனியான ஆபத்துக் கூடவில்லை. உலகமெங்கும் சானடோரியங்களை மூடவைத்த ஆராய்ச்சி இதுதான். மலைக் காற்று தேவையில்லை, மாத்திரை தேவை. மலையிலேயே வாழ்கிற நமக்கு இது காதில் ஏற வேண்டிய செய்தி. குளிருக்காக இரவெல்லாம் சன்னலை இறுக மூடி, ஓர் அறையில் ஆறு பேர் படுத்துறங்கும் வீட்டில், ஒருவர் இருமினால் வெளியே இருக்கும் மலைக்காற்று உள்ளே இருப்பவர்களுக்கு என்ன செய்ய முடியும்?

அந்த ஆராய்ச்சியிலிருந்து இன்னொன்றும் கற்கலாம். எடை கூடுவது வேறு, கிருமி ஒழிவது வேறு. மருந்து தொடங்கி இரண்டு மாதத்தில் காய்ச்சல் போகும், பசி திரும்பும், கன்னம் உப்பும். சுகமாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். உள்ளே மிஞ்சிய கிருமி அந்த மருந்துக்கே அடங்காததாக மாறித் திரும்பி வருகிறது. இன்று வழக்கமான மருத்துவம் ஆறு மாதம்: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், பின் நான்கு மாதம் இரண்டு மருந்துகள். மலேசியாவில் 1961 முதல் தேசியக் காசநோய்த் தடுப்புத் திட்டம் நடந்து வருகிறது. மருந்தை ஒருவர் கண் முன்னால் விழுங்கச் சொல்வது நம்மை நம்பாததால் அல்ல. மனித சுபாவம் அப்படி.

அப்படியானால் சோற்றுக்கு வேலையே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. இந்தியாவில் ஜார்க்கண்டு மாநிலத்தில் 2,800 காசநோயாளிகளுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் நடத்திய ஆய்வு 2023-இல் வெளிவந்தது. மருந்தோடு மாதந்தோறும் அரிசி, பருப்பு, பால்பொடி, எண்ணெய் கொடுத்தார்கள். உணவு கொடுக்கப்பட்ட குடும்பத்தாரிடம் புதிதாகக் காசநோய் வருவது ஏறத்தாழப் பத்தில் நான்கு பங்கு குறைந்தது. முதல் இரண்டு மாதத்தில் எடை கூடிய நோயாளிகளிடையே இறப்பும் வெகுவாகக் குறைந்திருந்தது. சென்னை ஆராய்ச்சி மருந்தின் பெருமையைச் சொன்னது. ஜார்க்கண்டு ஆராய்ச்சி, பட்டினி உடம்புக்கு மருந்தோடு உணவும் மருந்து என்றது. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

இப்போது ஒரு சொந்த அனுபவம். எங்கள் லயத்தில் ஓர் அக்கா இருக்கிறார். காலையில் பேரப்பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்து வருவார். நல்ல பருத்த உடம்பு. ஒரு வருடம் சித்திரையில் தொடங்கி ஆவணிக்குள் பாதியாகிவிட்டார். நான் ஒருநாள் வாசலில் பார்த்து, "என்னக்கா, நல்லா மெலிஞ்சிட்டீங்க, நடக்கப் போறீங்களா?" என்று சிரித்துக்கொண்டு கேட்டேன். "ஆமா வாத்தியாரையா, வயசாச்சுல்ல" என்று அவரும் சிரித்தார். படித்தவன் என்று பெயர் பெற்ற எனக்கு அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை. வீட்டில் செய்வினை என்று சொல்லிக் கயிறு கட்டினார்கள். கீழே இறங்கி ஒரு பூசாரியிடம் போய் நானூறு ரிங்கிட் கொடுத்து வந்தார்கள். கடைசியில் மகள் பிடிவாதமாகக் கிளினிக்குக்கு அழைத்துப் போனபோது இரத்தத்தில் சர்க்கரை எக்கச்சக்கமாக இருந்தது. இருமலும் இருந்ததால் சளியைச் சோதித்தார்கள், காசநோயும் இருந்தது.

இரண்டும் ஒன்றாக வந்தது தற்செயல் அன்று. இனிப்புநீர் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவரைவிட இரண்டு மூன்று மடங்கு. நம் சமூகத்துக்கு இனிப்புநீர் இன்று எவ்வளவு சொந்தமாகிவிட்டது என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் இந்நாட்டு இந்தியர்களில் வயதுவந்தோர் 100 பேருக்கு ஏறக்குறைய 31 பேருக்கு இந்நோய் இருந்தது.

இனிப்புநீர் என்றால் பருத்தவர்களின் நோய் என்று நினைக்கிறோம். அது முற்றினால் இளைக்க வைக்கும். உண்ட சோறு சர்க்கரையாகி இரத்தத்தில் ஓடுகிறது. ஆனால் இன்சுலின் போதாததால் தசைக்குள் நுழைய முடியாமல் சிறுநீரில் கழிந்து போகிறது. உடம்புக்கு அது பட்டினிதான். வேறு வழியின்றித் தன் கொழுப்பையும் சதையையும் தானே எரித்துக்கொள்கிறது. தாகம், அடிக்கடி சிறுநீர், நிறையச் சாப்பிட்டும் மெலிவு, இவை மூன்றும் சேர்ந்தால் நாள் கடத்தக்கூடாது. 1922 ஜனவரியில் கனடா நாட்டு டொரான்டோ நகரில் லியனார்டு தாம்சன் என்ற பதினான்கு வயதுப் பையனுக்கு உலகிலேயே முதன்முதலாக இன்சுலின் ஊசி போட்டார்கள். அப்போது அவன் எடை 29 கிலோதான். அதுவரை இந்நோய் கண்ட பிள்ளைகளுக்கு மருத்துவர்கள் கொடுத்த சிகிச்சை என்ன தெரியுமா? பட்டினி போடுவது. சில மாதம் கூட வாழ அது ஒன்றே வழியாக இருந்தது.

மெலிவுக்கு வேறு காரணங்களும் உண்டு. கழுத்துச் சுரப்பி மிகையாக வேலை செய்தால் நெஞ்சு படபடத்து, கை நடுங்கி, ஆள் இளைப்பார். வயிறு, குடல், நுரையீரல் முதலிய இடங்களில் புற்றுநோய் வளரும்போதும் மெலிவு முன்னறிவிப்பாக வரும். முதியவர்களுக்குப் பல் போனது, விழுங்க முடியாதது, சில மாத்திரைகள், தனிமை இவைகூடப் போதும். கணவன் இறந்த பின் சாப்பாட்டை வெறுத்துவிட்ட பாட்டியை, துக்கத்தில் இருக்கிறார் என்று விட்டுவிடுகிறோம். மனச்சோர்வும் மருத்துவம் செய்யத் தக்க நோய்தான்.

எப்போது கவலைப்பட வேண்டும் என்பதற்கு மருத்துவர்கள் ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். முயலாமலேயே, ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள், உடல் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தால் காரணம் தேட வேண்டும். 60 கிலோ இருந்தவருக்கு 3 கிலோ. 48 கிலோ இருந்தவருக்கு இரண்டரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவில் வியர்வை இருந்தால் அளவுகூடப் பார்க்க வேண்டாம். உடனே போக வேண்டும். கிளினிக்கில் வெறுமனே உடம்பு சரியில்லை என்று சொன்னால் காய்ச்சல் மாத்திரை கொடுத்து அனுப்பக்கூடும். எத்தனை மாதத்தில் எத்தனை கிலோ குறைந்தது, பசி எப்படி, தாகம் எப்படி, மலம் எப்படி, என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள். இரத்தம், சளி, மார்பு எக்ஸ்ரே பார்க்கச் சொன்னால் சளைக்காமல் செய்துகொள்ளுங்கள். சத்துமாவு டின்னை வாங்கிக் குடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம். காரணம் உள்ளே இருக்கையில் மாவு அதை மூடித்தான் வைக்கும்.

இன்று நம் மலைகளில் கொழுந்து பறிப்பவர்களில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். நம் பாட்டன்மார் வந்தது போலத்தான் வந்திருக்கிறார்கள். நோய் தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்று இருமலை அடக்கிக்கொள்கிறார்கள். அவர்களோடு ஒரே லாரியில் போகிறவர்கள் அந்த அச்சத்தைப் போக்க என்ன செய்யலாம் என்பதை யோசிக்க வேண்டும். காற்றுக்கு நாட்டுரிமை கிடையாது.

அந்த அக்கா ஆறு மாதமும் மாத்திரையை விடாமல் முடித்தார். முதல் இரண்டு வாரம் பேரனைப் பள்ளிக்கு அழைத்து வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் அழைத்து வந்தார். சர்க்கரைக்கு இன்றும் மருந்து எடுக்கிறார். தீபாவளிக்கு முன் பார்த்தபோது, எட்டுக் கிலோ திரும்பி வந்துவிட்டது என்றும், இதற்கு மேல் வேண்டாம் என்று நர்ஸ் அம்மா சொல்லிவிட்டார் என்றும் சொன்னார்.

எங்கள் பள்ளியில் பிள்ளைகளை நிறுக்கும் எடைக்கருவி ஒன்று இருக்கிறது. தலைமையாசிரியர் அனுமதியோடு மாதத்தின் முதல் சனிக்கிழமை காலையில் அதைப் பள்ளிக் கூடத்தின் முன்வராந்தாவில் எடுத்து வைக்கிறோம். பெரியவர்களும் வந்து நிறுத்துக்கொள்ளலாம். ஒரு பழைய நோட்டுப் புத்தகம் கொண்டு வாருங்கள்; தேதியும் எடையும் எழுதித் தருகிறோம். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறவும்.